அறக்காயமும் ஆற்றுங் கருணையும்

காலிலே கண்ணாடி வெட்டினால் கட்டுப் போடுகின்றனர். காய்ச்சல் கண்டால் கொத்தமல்லி அவித்துக் குடிக்கின்றனர். அதற்குந் தணியாவிடின் ஆஸ்பத்திரிக்குச் செல்கின்றனர். ஆனால், ‘செய்யத் தகாததைச் செய்துவிட்டேனே, செய்ய வேண்டியதைச் செய்யாது விட்டேனே’ என்று நெஞ்சிலே விழும் காயத்தை மட்டும் எவரும் எவருக்கும் காட்டுவதில்லை. அதனை மூடி வைத்து, அந்த மூடியின் மேலே வாழ்க்கையை நடத்துகின்றனர். நாமும் இருபத்தெட்டு ஆண்டுகள் அவ்வாறே நடத்தினோம். மூடியைத் திறந்தவள் எமது தமையனாரின் மகள். பெறாமகள் என்பது உறவு முறை. எமக்கோ பெற்ற மகளிலும் குறைந்தவள் அல்லள்.

2023ஆம் ஆண்டு நல்லூர்த் திருவிழாக் காலத்தில் அவள் இங்கிலாந்திலிருந்து வந்திருந்தாள். அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் தாதியாகப் பணிபுரிபவள். ஒரு மாலை விறாந்தையில் அமர்ந்திருந்தபோது, நாம் கேளாமலே, 2020ஆம் ஆண்டின் கதையைச் சொல்லத் தொடங்கினாள்.

கொவிட்-19 நோய் பரவிய அவ்வாண்டில் நோயாளரைப் பார்க்க உறவினர் உள்ளே வர இயலாதிருந்தது. இறக்கும் தறுவாயில் உள்ளோரின் காதருகே கைத்தொலைபேசியைப் பிடித்து, அவர்தம் பிள்ளைகளின் குரலைக் கேட்பிப்பதும் தாதியரின் பணியாயிற்று. ஓரிரவு ஒரு முதியவர், விடியும்வரை தம்மருகே இருக்குமாறு இவளை வேண்டினார். “இருக்கிறேன்” என்று வாக்களித்தாள். சிறிது நேரத்துள் வேறொரு கட்டிலிலிருந்து அவசர அழைப்பு வந்தது. சென்றாள். அங்கு ஓருயிரைக் காப்பாற்றித் திரும்பியபோது இங்கு முதியவர் தனியே கண்மூடியிருந்தார்.

அவள் செய்ததில் பிழை காண எவராலும் முடியாது. அவளால் மட்டும் முடிந்தது. அந்நாட்களில் வியாழக்கிழமை இரவு எட்டு மணிக்கு இங்கிலாந்து மக்கள் தத்தம் வாசலில் நின்று மருத்துவப் பணியாளருக்காகக் கைதட்டினர். தெரு முழுவதும் கைதட்டியபோது அவள் யன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தாளாம். “எனக்குத் தட்டின கை இல்லை அது, சித்தப்பா. நான் வாக்குத் தவறினவள்” என்றாள்.

அவளுடைய துயருக்கு வைத்திய உலகிலே ஒரு பெயர் உண்டு. தமிழிலே அதனை ‘அறக்காயம்’ எனலாம். பெயர் பிறந்த கதை அறியத் தக்கது.

அமெரிக்காவின் பொஸ்டன் நகரில், வியட்நாம் யுத்தத்திலிருந்து மீண்ட போர்வீரர்களுக்கு வைத்தியம் செய்தவர் ஜொனதன் ஷே என்னும் மனநோய் வைத்தியர். அவ்வீரர்கள் சொன்னவற்றைக் கேட்கக் கேட்க, பழைய கிரேக்கக் கவி ஹோமரின் இலியட் காவியத்து அக்கிலிஸின் கதையையே மீண்டும் கேட்பதாக அவருக்குத் தோன்றிற்று. அக்காவியத்திலே தலைவன் நீதி தவறுகிறான். அதனால் வீரனின் நெஞ்சு உடைகிறது. உடைந்த நெஞ்சு பின்னர் வெறியாகிறது. 1994இல் ‘வியட்நாமில் அக்கிலிஸ்’ என்ற நூலை ஷே வெளியிட்டார். அதிகாரத்தில் உள்ளவர், பெரும் ஆபத்து நேரத்தில், நேர்மையைக் காட்டிக்கொடுப்பதால் விளையும் காயமே அவர் கண்ட அறக்காயம். 2009இல் பிரெட் லிற்ஸ் என்ற உளவியலாளரும் அவர்தம் துணைவரும் இக்கருத்தை விரித்தனர். தாம் உயிரெனப் போற்றும் அறத்துக்கு மாறானதை ஒருவர் தாமே செய்தாலும், தடுக்கத் தவறினாலும், கண்ணாற் கண்டாலும் அக்காயம் உண்டாகலாம் என்றனர்.

இஃது அச்சத்தால் வரும் நோயன்று என்பதை மாணவர்கள் கருத்திற் கொள்ளுதல் நன்று. 1980இல் அமெரிக்க மனநோய் வைத்தியர் சங்கத்தின் கைந்நூலில் நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய் இடம்பெற்றது. அதனை விளக்க முயன்றோர் பெரும்பாலும் உயிரச்சத்தையே நடுவில் வைத்தனர். குண்டு விழுந்த ஊரில் இருந்தவன் பின்னர் சீனவெடிச் சத்தத்துக்கும் நடுங்குவான். ‘ஆபத்து நீங்கிவிட்டது’ என்று அவனுடலுக்கு மெல்லப் பழக்கினால் நடுக்கம் குறையும். ஆனால், அறக்காயம் பட்டவனிடம் ‘ஆபத்து நீங்கிவிட்டது’ என்று சொல்லி என்ன பயன்? அவன் அஞ்சுவது வெளியே உள்ள எதனையுமன்று, தன்னையே. சிலப்பதிகாரத்துப் பாண்டியனை நினைத்துப் பாருங்கள். அவனை எவரும் வாளால் வெட்டவில்லை. தான் நீதி தவறினான் என்று அறிந்த அக்கணமே அரியணையில் வீழ்ந்து மாண்டான். புலவர் அதனை அரசநீதியின் உயர்வாகப் பாடினார். எனினும், அறக்காயம் ஆளைக் கொல்லும் என்பதற்கும் அதுவே சான்று.

இதற்கு மருந்து யாது? எமது பெறாமகள் பெற்ற சிகிச்சையைக் கருணைவழிச் சிகிச்சை என்று சொல்லலாம். இதனை வகுத்தவர் இங்கிலாந்தின் டார்பி நகரப் பேராசிரியர் போல் கில்பேட். மனச்சோர்வுற்றோரின் எண்ணங்களைத் திருத்தும் வைத்தியத்தில் ஈடுபட்டிருந்தபோது, அவர் ஒரு விந்தையைக் கவனித்தார். நோயாளர் சரியான விடையைக் கற்றுக்கொண்டனர். ‘நான் பயனற்றவன் அல்லன், என்னை நேசிப்போர் உளர்’ என்று சொல்லவும் செய்தனர். ஆயினும் நெஞ்சு தேறவில்லை. அவ்வார்த்தைகளை மனத்துள்ளே எந்தக் குரலில் சொல்கின்றனர் என்று விசாரித்தபோது உண்மை புலப்பட்டது. கொடிய மேலதிகாரி வேலைக்காரனை அதட்டுவது போன்ற குரலிலே அவர்கள் தம்மைத் தாமே தேற்றிக்கொண்டிருந்தனர். சொல் சரி, தொனி நஞ்சு.

மனித மனத்திலே மூன்று ஒழுங்குகள் இயங்குகின்றன என்பது கில்பேட்டின் விளக்கம். ஆபத்தைக் கண்டு சினமும் அச்சமும் எழுப்புவது ஒன்று. பொருளையும் புகழையும் நாடி ஓடச் செய்வது மற்றொன்று. தாயின் மடியிற் கிடக்கும் குழந்தைபோல அமைதி தருவது மூன்றாவது. தன்னைத் தானே ஓயாது பழிப்பவனிடம் முதலாவது இரவும் பகலும் எரிகிறது. மூன்றாவதோ தூர்ந்த கிணறுபோல் கிடக்கிறது. அக்கிணற்றை மீண்டும் இறைப்பதே சிகிச்சை.

மட்டக்களப்புப் பகுதிக் கண்ணகை அம்மன் கோயில்களில் வைகாசி மாதத்திலே ‘குளிர்த்தி’ என்றொரு சடங்கு நிகழ்வதைப் பலர் அறிவர். மதுரையை எரித்த அம்மனின் சினத்தைக் குளிர்விக்கும் சடங்கு அது. அவளுக்கு நேர்ந்த அநீதி இல்லையென்று அங்கே எவரும் சொல்வதில்லை. அநீதி உண்மை, சினம் நியாயம், எனினும் எரிந்துகொண்டே இருத்தல் ஆகாது, ஆதலாற் குளிர்விக்கிறார்கள். டார்பியிற் பிறந்த சிகிச்சையைப் பற்றிக் கேட்டபோது எமக்கு அந்தக் குளிர்த்தியே நினைவுக்கு வந்தது.

செய்முறை எளிமையானது, செய்வதோ எளிதன்று. முதலில், நிமிடத்துக்கு ஐந்தாறு மூச்சு என்னும் அளவில் மெல்ல மூச்சுவிடப் பழக்குகிறார்கள். அதனால் மூளையிலிருந்து இதயத்துக்கும் வயிற்றுக்கும் செல்லும் வேகஸ் நரம்பின் வழியாக உடல் தணிகிறது. அடுத்து, அறிவும் உறுதியும் அன்பும் ஒருங்கே உடைய ஒருவரை மனக்கண்ணிற் காணுமாறு சொல்கிறார்கள். அவர் அறிந்தவராயினுமாம், கற்பனையாயினுமாம். பின்னர், நாற்காலிகளை மாற்றி மாற்றி அமர்ந்து, பழிக்கும் குரலாகவும், பழிக்கப்படும் உள்ளமாகவும், கருணையுடையவராகவும் பேசச் செய்கிறார்கள். இறுதியில் அக்கருணையுடையவரின் நிலையிலிருந்து தனக்குத் தானே ஒரு கடிதம் எழுதுமாறு கேட்கிறார்கள்.

இதனைக் கேட்டதும் எமக்குச் சினம் உண்டாயிற்று என்பதை மறைக்கமாட்டோம். “குற்றத்தைக் கழுவ ஒரு சவர்க்காரம் கண்டுபிடித்தார்களோ? செய்தவன் தனக்குத் தானே கடிதம் எழுதி மன்னிப்பும் வழங்கிவிட்டால், பட்டவனுக்கு யார் பதில் சொல்வது?” என்று கேட்டோம். குரல் உயர்ந்துவிட்டதை உணர்ந்தே நிறுத்தினோம்.

அவள் அமைதியாகச் சொன்னாள்: “இது மன்னிப்புச் சீட்டு இல்லை, சித்தப்பா. நானும் முதலில் அப்படித்தான் நினைச்சு, ரெண்டு கிழமை போகாமல் விட்டனான். கருணைக்குப் பயப்படுகிற ஆக்கள் கனபேர் எண்டு அங்கே சொன்னவை. செய்தது பிழை எண்டு நினைக்கிறது வேறை, நானே பிழை எண்டு நினைக்கிறது வேறை.”

அந்த வேறுபாட்டை நாம் பின்னர் பலநாள் சிந்தித்தோம். ‘செய்தது பிழை’ என்பது குற்றவுணர்வு. அது பாதிக்கப்பட்டவனை நோக்கித் திரும்புகிறது. அவனுக்கு என்ன செய்யலாம் என்று கேட்கிறது. ‘நானே பிழை’ என்பது வெட்கம். அது தன்னை நோக்கியே திரும்புகிறது. ஒளிக்க இடந் தேடுகிறது. ஒளிந்திருப்பவன் எவருக்கும் ஈடு செய்வதில்லை. அவனை வெளியே அழைப்பதற்கே கருணை வேண்டும். கருணையாவது, துன்பத்தை முகங் கொடுத்துக் காணுதலும், அதனைத் தணிக்க முயல்வதும் ஆகும் என்றே கில்பேட் வரையறுத்துள்ளார். காணாமல் விடுவதைக் கருணை என்று அவர் சொல்லவில்லை.

அப்பொழுதுதான் அவள் அந்தக் கேள்வியைக் கேட்டாள். “சித்தப்பா, ஒண்டு கேட்கவே? அண்டைக்கு என்னைத் தூக்கினபடியால்தானே ஆச்சியைத் தூக்க ஏலாமல் போனது?”

கோயில் மேளம் தூரத்தே கேட்டுக்கொண்டிருந்தது. நாம் விடை சொல்லவில்லை. “நேரமாகிவிட்டது, படு” என்று சொல்லி எழுந்து உள்ளே போய்விட்டோம்.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி மாலை, வலிகாமத்து மக்கள் யாவரும் உடனே வெளியேற வேண்டுமென ஒலிபெருக்கிகள் அறிவித்தன. ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்தது. தமையனார் அப்போது கொழும்பில். அண்ணியாரின் கையிலே கைக்குழந்தை. மூத்தவளுக்கு வயது ஐந்து, உடம்பெல்லாம் காய்ச்சல். தாயை இழந்த எம்மை வளர்த்த பெரியம்மா இடுப்பெலும்பு முறிந்து ஓராண்டாகக் கட்டிலிற் கிடந்தார். கோண்டாவிலில் அன்று ஒரு வாகனமும் கிடைக்கவில்லை. “சின்னவளைத் தூக்கிக்கொண்டு போ. எனக்கென்ன, நான் கிடப்பன்” என்றார் பெரியம்மா. கட்டிலருகே ஒரு குடம் தண்ணீர், ஒரு சட்டி கஞ்சி, ஒரு பனங்கட்டிக் குட்டான், ஒரு ஜாம் போத்தல் விளக்கு ஆகியவற்றை வைத்தோம். “மூன்று நாளில் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன்” என்று வாக்களித்துப் புறப்பட்டோம்.

செம்மணி வெளியிலே மனிதத் தலைகளைத் தவிர வேறொன்றுந் தெரியவில்லை. லட்சக்கணக்கானோர் இடம்பெயர்ந்த இரவு அது. சில மைல் தூரத்தைக் கடக்க ஓர் இரவு முழுவதுஞ் சென்றது. தோளிலே கிடந்த குழந்தையின் காய்ச்சற்சூடு மழையையும் மீறி எம் கழுத்திலே பட்டுக்கொண்டிருந்தது. மறுநாள் மதியம் தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தை அடைந்தோம்.

இதுவரை உள்ள கதை எமது குடும்பத்தார் எல்லோரும் அறிந்தது. இனி வருவது எவரும் அறியாதது.

மூன்றாம் நாள் ஒரு சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு பெரியம்மாவை அழைத்துவரப் புறப்பட்டோம். நாவற்குழிப் பாலம்வரை வந்தோம். பாலம் திறந்தே இருந்தது. விட்டுவந்த பொருள்களை எடுக்கச் சிலர் யாழ்ப்பாணப் பக்கம் போய்க்கொண்டுமிருந்தனர். வடக்கே ஷெல் விழும் ஓசை கேட்டது. சைக்கிளின் கைப்பிடியைப் பிடித்தபடி அரைமணி நேரம் நின்றோம். பின்னர் சைக்கிளைத் திருப்பினோம். பள்ளிக்கூடத்துக்கு வந்து, “பாலத்தை மூடிவிட்டார்கள்” என்று சொன்னோம்.

1996 சித்திரையில் மக்கள் வலிகாமத்துக்குத் திரும்பியபோது நாமும் திரும்பினோம். இடம்பெயராது எஞ்சியிருந்த அயல்வீட்டு முதியவர் விபரம் சொன்னார். கார்த்திகை நடுவில் பெரியம்மா காலமானார். அதுவரை அவரே கஞ்சி கொடுத்தார். அவரும் இன்னொருவருமாகவே கிரியை முடித்தனர். “காலையிலே கண் முழிச்சவுடனே, தம்பி வந்திட்டானோ எண்டு கேட்பா” என்றும் சொன்னார். அவர் எம்மைக் குறை சொல்லவில்லை. ஆதலால் அது மேலும் ஆழமாக இறங்கிற்று.

‘பாலம் மூடியிருந்தது’ என்ற பொய் எம்மைக் காப்பதற்காகச் சொன்னது. அது எம்மைக் காக்கவில்லை என்பது தெரிந்ததே. அது வேறொருவர் தலையிலும் ஏறியிருக்கிறது என்பது அன்றிரவே தெரிந்தது. நடந்தது என்னவென்று அறியாத குழந்தை, தன் பாரமே ஆச்சியைக் கொன்றது என்று தானே ஒரு கணக்குப் போட்டு வளர்ந்திருக்கிறாள். ஒருவர் பக்கத்தை விட்டு எழுந்து மற்றவரிடம் ஓடிய இரவு அவளை ஏன் அவ்வளவு உடைத்தது என்பதும் அப்போது விளங்கிற்று.

உறக்கம் வரவில்லை. மேசையருகே அமர்ந்து, அவள் சொன்ன கடிதத்தை எழுதிப் பார்த்தோம். முதற் கடிதம் எம்மைக் கோழை என்றும் நன்றி கெட்டவன் என்றும் ஏசியது. அதனை வாசித்தபோது, இருபத்தெட்டு ஆண்டுகளாக நாள்தோறும் கேட்ட குரலே அது என்பதை உணர்ந்தோம். அக்குரல் எம்மை ஒருநாளாவது உண்மை பேச வைத்ததில்லை. தாளைக் கிழித்துவிட்டு மெல்ல மூச்சுவிட்டு அமர்ந்தோம். எமக்குத் தெரிந்தவர்களுள் அறிவும் உறுதியும் அன்பும் ஒருங்கேயுடையவர் யார் என்று தேடினோம். தேட வேண்டியிருக்கவில்லை, அந்தக் கட்டிலிற் கிடந்தவரே வந்தார்.

பெரியம்மா எம்மைக் குற்றமற்றவன் என்று எழுதவில்லை. அவர் அப்படிப் பொய் சொல்பவரல்லர். “பாலமட்டும் வந்தனி. பயந்து போனாய். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தனான். திரும்பிப் போனதும் உண்மை, பொய் சொன்னதும் உண்மை. அதை இனிச் சொல்லிவிடு” என்று எழுதினார். பின்னர், நாம் எதிர்பாராத ஒரு வரி எமது கையிலிருந்து வந்தது: “சின்னவளுக்குக் காய்ச்சல் விட்டதோ?”

அவ்வரியை எழுதிய பின் நெடுநேரம் எழுத முடியவில்லை.

விடிந்ததும் அவளை அழைத்து, பாலத்தடியில் நடந்ததைச் சொன்னோம். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். “அப்ப நான் காரணமில்லை” என்றாள். சற்றுப் பின், “இதை முந்தியே சொல்லியிருக்கலாம், சித்தப்பா” என்றாள். அவள் குரலிற் சினம் இருந்தது. அச்சினத்துக்கு அவள் உரியவள். முன்னராயின் நாம் எழுந்து உள்ளே போயிருப்போம்; அன்று போகவில்லை. மதியம் அவளே வந்து எமக்குச் சோறு போட்டாள்.

கருணையைப் பற்றி நாம் கற்ற பாடம் இதுவே. அது தீர்ப்பை மாற்றுவதில்லை. தீர்ப்பின் முன்னால் நிற்பதற்குக் கால்களைத் தருகிறது. தன்னை வதைப்பதே குற்றத்துக்கான தண்டம் என்று எண்ணியிருந்தோம். அந்த வதையோ, இறந்தவருக்கு ஒரு கவளமும் ஆகவில்லை, இருப்பவளுக்குச் சுமையாயிற்று.

எமது ஒழுங்கையிலே, பிள்ளைகள் எல்லோரும் கனடாவில் இருக்க, நடமாட்டமற்ற ஓர் அம்மையார் தனியே கிடக்கிறார். மாலையில் அரைமணி நேரம் அவரருகே இருந்து பத்திரிகை வாசித்துக் காட்டி வருகிறோம். பெரியம்மாவின் கடன் அதனால் தீர்ந்தது என்று சொல்லமாட்டோம். சில கடன்கள் தீர்வதற்கல்ல, நினைவில் வைத்து நடப்பதற்கே உரியன. பெறாமகளும் இப்போது நோயாளரிடம் ‘விடியும்வரை இருப்பேன்’ என்று சொல்வதில்லையாம். “பத்து நிமிடம் இருப்பேன், போனால் திரும்பி வருவேன்” என்று சொல்லி, அவ்வாறே செய்கிறாளாம்.

ஒரு கடிதத்தால் எல்லாம் ஆறிவிடும் என்று எவரும் எண்ணற்க. அவள் பல மாதங்கள் பயிற்சி பெற்ற ஒருவரின் துணையோடு சென்ற வழி இது. எமக்கும் பின்னர் ஒரு மனநோய் வைத்தியரின் உதவி தேவைப்பட்டது. உயிர் வெறுத்துப் போகுமளவு நெஞ்சு கனப்போர் தனித்திருந்து எழுத முயலாது, அரசாங்க ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவை நாடுதல் வேண்டும். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் பேசலாம்.

யுத்தமும் கடற்கோளும் நோயும் கண்ட நாட்டிலே, பிடித்த கையை விட்டவரும், திரும்பிப் போகாதவரும், கண்டும் வாய் திறவாதவரும் எத்தனை வீடுகளில் இருப்பர்! உங்கள் வீட்டு முதியவர் ஒரு கதையை எப்போதும் ஒரே இடத்தில் நிறுத்திவிட்டு எழுந்து போவாராயின், அவரைத் துருவிக் கேளாதீர்கள், பக்கத்தில் இருங்கள். சொல்லும் நாள் வரும்போது, ‘அதெல்லாம் ஒன்றுமில்லை’ என்று வாயை அடைத்துவிடாது, இறுதிவரை கேளுங்கள்.